ஊரணித் தண்ணீர்ச் சாடியில் இருந்த நுண்ணுயிர்கள் மூன்றே வாரத்தில் மறைந்துவிட்டன: காரணம் சோறா, உப்பா?

உச்சிப்புளி ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்கு அருகில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். ஐப்பசி மழையில் எங்கள் ஊர் ஊரணி நிரம்பியதும், ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் நானும் அதிலிருந்து ஒரு குடம் தண்ணீரும், கரையோரச் சேற்றில் ஒரு கைப்பிடியும், இரண்டு கொத்துப் பாசியும் எடுத்து வந்து, மளிகைக் கடைகளில் மிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்த அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடியில் ஊற்றி, நேர் வெயில் படாத சன்னல் திண்டில் வைத்தோம். சாடி ஐந்து லிட்டர் கொள்ளும். மீன் எதுவும் விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்காக மட்டுமே ஒரு தொட்டி வைக்க வேண்டும் என்பது மகளின் விருப்பம்.

முதல் நான்கு நாட்கள் எங்களுக்குத் திருவிழாவாகவே கழிந்தன. தாளை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கியைக் கைபேசியுடன் இணைத்துப் பார்த்தபோது, செருப்பு வடிவத்தில் உருண்டு உருண்டு ஓடுபவை, தலையில் இரண்டு சக்கரங்கள் சுழல்வது போலத் தோன்றுபவை, காம்பின் நுனியில் மணியைக் கட்டியது போல நின்று, தொட்டவுடன் சுருள் கம்பியாகச் சுருங்குபவை எனப் பலவற்றைக் கண்டோம். நுண்ணோக்கி இல்லாமலே, துள்ளித் துள்ளி நீந்தும் வெண்புள்ளிகளும் தெரிந்தன.

ஐந்தாம் நாள், அவற்றுக்கு உணவு வேண்டுமே என்று எண்ணி மகள் ஒரு கைப்பிடிச் சோற்றைச் சாடியில் போட்டுவிட்டாள். ஏழாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய நீர் போல வெளுத்து, நாற்றமும் எடுத்தது. சோற்றை அள்ளி எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை வெளியேற்றி, வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினேன். காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் கலந்திருக்கும் என்பதால் அதைத் தவிர்த்தேன். அதன் பிறகு நாள்தோறும் வற்றும் அளவுக்கு அதே கிணற்று நீரையே சேர்த்து வந்தேன். மூன்று வாரம் கழிந்த இப்போது, அடியில் ஊரும் அவரை விதை போன்ற மிகச் சிறு உயிர்களைத் தவிர வேறெதுவும் இல்லை. தவறு சோற்றினால் நேர்ந்ததா, தண்ணீரினால் நேர்ந்ததா? மீண்டும் தொடங்குவதாக இருந்தால் எப்படித் தொடங்குவது?

ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்

அம்மா, உங்கள் வருணனை தெளிவாக இருப்பதால், படம் பார்க்காமலே பெயர் சொல்லிவிட முடிகிறது. செருப்பு வடிவம் பாரமீசியம். சக்கரம் சுழல்வது போலத் தோன்றுபவை ரோட்டிஃபர்கள். உண்மையில் அங்கே எதுவும் சுழல்வதில்லை, தலையைச் சுற்றியுள்ள நுண்மயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசைவதைத்தான் நம் கண் சுழற்சியாகக் காண்கிறது. காம்பில் நின்று சுருங்குவது வோர்ட்டிசெல்லா. துள்ளி நீந்தியவற்றில் இரண்டு இனங்கள் கலந்திருக்கலாம். துளி வடிவ உடலும் நெற்றியில் ஒற்றைக் கண்ணும் இருந்தால் அது சைக்ளோப்ஸ். பெண் உயிரி வாலின் இரு பக்கமும் இரண்டு முட்டைப் பைகளைச் சுமந்து திரியும். உடல் உருண்டையாக இருந்து, இரண்டு நீண்ட கைகளை வீசி எம்பி எம்பி நீந்தினால் அது மொய்னா என்னும் நீர்த்தெள்ளாக இருக்க வாய்ப்பு மிகுதி. நம் பாடநூல்களில் இடம்பெறும் டாஃப்னியாவைக் காட்டிலும் நம் வெப்பத்தைத் தாங்குவது அதுவே. எஞ்சியிருக்கும் அவரை விதைகள் ஆஸ்ட்ரகோடுகள். இரண்டு ஓடுகளுக்குள் உடலை மூடிக்கொள்ளும் இவை எதையும் தாங்கும்.

என் கணிப்பில் முதற்குற்றவாளி சோறுதான். மாவுச்சத்து நீரில் கரையத் தொடங்கியதும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பல்கிப் பெருகும். நீர் வெளுப்பது அவற்றின் கூட்டத்தால்தான். அவை மூச்சுவிட நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனை மட்டுமே தாங்கி வைத்திருக்க வல்லது என்பதை நினைத்துப் பாருங்கள். குளிர்நாட்டு நூல்களில் சொல்லப்படும் தீனி அளவை நம் ஊரில் அப்படியே பின்பற்றுவது அதனால்தான் ஆபத்தாக முடிகிறது. ஐந்து லிட்டருக்கு வெந்த சோற்றில் ஒரு பருக்கை போதும், இரண்டு என்றாலே மிகுதி.

ஆனால் உணவே இடக்கூடாது என்று மகளைக் கண்டித்துவிடாதீர்கள். பாக்டீரியா பெருகினால்தான் அதைத் தின்னும் பாரமீசியம் பெருகும், பிறகு ரோட்டிஃபர் வரும், அதன் பிறகே நீர்த்தெள்ளு செழிக்கும். இந்த வரிசையை நாள்தோறும் குறித்து வைப்பதே ஒரு நல்ல பாடம். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லேவன்ஹுக், மிளகு ஏன் உறைக்கிறது என்று அறிய அதை நீரில் ஊறவைத்துத் தம் லென்சால் பார்க்கப்போய்த்தான், 1676ஆம் ஆண்டில், பாக்டீரியாக்களைக் கண்டு எழுதினார். உறைப்புக்கான காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. ஊறிய நீரில் பெருகியிருந்த உயிர்க்கூட்டம் பிடிபட்டது. உங்கள் வீட்டுச் சோற்றுப் பருக்கையும் அந்த மிளகைப் போன்றதுதான்.

பாரமீசியம் ஓடிக்கொண்டே இருந்தால் பார்ப்பது கடினம். கண்ணாடித் தகட்டில் துளியை வைப்பதற்கு முன், பஞ்சின் இழைகளை மெல்லப் பிரித்து அதில் பரப்புங்கள். இழைகளுக்கு இடையே சிக்கி அது நின்று நிதானமாக உண்பதை 140 மடங்கு உருப்பெருக்கத்திலேயே காணலாம்.

மண்டபம் குஞ்சுப் பொரிப்பகப் பணியாளர்

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் சோறு ஒரு வாரத்துச் சிக்கல். அதை எடுத்தாகிவிட்டது, பாசியும் இருந்தது, காற்றும் பட்டது. அப்படியிருந்தும் மூன்று வாரமாகச் சாடி மீளவில்லை என்றால் காரணம் வேறு. நம் கரையோரத்து ஆழ்துளைக் கிணற்று நீரை நன்னீர் என்று எண்ணி ஊற்றியதுதான் அது.

கடல்மீன் குஞ்சு பொரிக்கும் இடத்தில், அவற்றுக்கு இரையாகும் ரோட்டிஃபர்களை வளர்ப்பது என் வேலை. மண்டபத்தில் 2010ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோபியா என்னும் கடல் விரால் மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வித்தார்கள் என்பதை இப்பக்கத்தார் அறிவார்கள். அத்தகைய மீன்களின் குஞ்சு வாய் திறந்த நாளில் அதனுள் நுழையக்கூடிய முதல் இரை, மில்லிமீட்டரில் கால் பங்குகூட இல்லாத பிராக்கியோனஸ் என்னும் ரோட்டிஃபர்தான். பச்சை நிற நுண்பாசியைத் தீனியாகக் கொடுத்து, உப்பு நீரில் அதைப் பெருக்குகிறோம். எங்கள் ரோட்டிஃபரை நன்னீரில் விட்டால் சற்று நேரத்தில் செத்து அடியில் படியும். ஊரணி ரோட்டிஃபரை உவர்நீரில் விட்டாலும் அதே கதிதான்.

உடலுக்குள்ளும் வெளியிலும் உப்பின் அளவு மாறுபடும்போது நீர் எந்தப் பக்கம் பாயும் என்பதே இங்குள்ள செய்தி. நன்னீர் பாரமீசியத்தின் உடலுக்குள் நீர் இடைவிடாமல் கசிந்துகொண்டிருக்கும். அதைச் சுருங்கும் குமிழி ஒன்று, ஓட்டைப் படகில் நீர் இறைப்பவரைப் போல, சில நொடிகளுக்கு ஒரு முறை வெளியே தள்ளுகிறது. சுற்றியுள்ள நீரில் உப்பு ஏறினால் இறைப்பு மெதுவாகும். உப்பு திடீரென்று மிகுந்துவிட்டால், உள்ளே இருந்த நீரும் வெளியே போய் உடல் சுருங்கிவிடும். உப்பு அளவு படிப்படியாக ஏறினால் சில இனங்கள் பழகிக்கொள்ளும். பாதித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றியதால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் பழுது பார்ப்பவர்களிடம், நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். ஊரணி நீரையும் கிணற்று நீரையும் அதில் அளந்து இங்கே எழுதுங்கள், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

உச்சிப்புளி ஆசிரியை

அளந்துவிட்டேன். ஊரணி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம், எங்கள் கிணற்று நீர் 4,200. நாங்கள் இதைக் குடிப்பதில்லை என்றாலும், பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் நாள்தோறும் புழங்கும் நீர் என்பதால், அது இவ்வளவு உவர் என்று ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. வற்றியதை ஈடுசெய்ய மூன்று வாரத்தில் மொத்தம் இரண்டு லிட்டர் சேர்த்திருப்பேன்.

மண்டபம் குஞ்சுப் பொரிப்பகப் பணியாளர்

அப்படியானால் கணக்கு எளிது. தொடக்கத்தில் ஐந்து லிட்டரில் ஒன்றரை கிராம் உப்பு இருந்தது. பாதியை வெளியேற்றியபோது முக்கால் கிராம் எஞ்சியது. இரண்டரை லிட்டர் கிணற்று நீருடன் பத்தரை கிராம் உள்ளே வந்தது. பிறகு சேர்த்த இரண்டு லிட்டரில் எட்டு கிராமுக்கும் மேல் வந்தது. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே; உப்பு ஒரு துளியும் போவதில்லை. இப்போது சாடியில் ஏறத்தாழ இருபது கிராம், அதாவது லிட்டருக்கு நான்கு கிராம் இருக்கும். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் சன்னல் திண்டில் இருப்பது கடலில் ஒன்பதில் ஒரு பங்கு. வாலிநோக்கம் உப்பளப் பாத்தியில் நடப்பதும் இதுதான், அளவு மட்டும் வேறு.

இனி வற்றியதை ஈடுசெய்ய மாடியில் பிடித்த மழை நீரை மட்டும் ஊற்றுங்கள். மழை நீர் தீர்ந்துவிட்டால், கடலோர மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளும் நீரும் பெரும்பாலும் ஏற்றதாகவே இருக்கும். மழை நீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது என்பதால் மணலுக்குள் மேலாக மிதந்து நிற்கிறது, ஆழத் தோண்டினால்தான் உவர் வரும். எங்கள் வீட்டுப் பெண்கள் ஊற்றை முழங்கை ஆழத்துக்கு மேல் தோண்ட விடமாட்டார்கள். அதன் காரணம் எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கியது. எந்த நீராக இருந்தாலும் மீட்டரில் அளந்த பிறகே ஊற்றுங்கள்.

உப்பு நீர் உயிர்களையும் பார்க்க விரும்பினால், பாக் நீரிணைப் பக்கத்துக் கழிமுகத்தில் ஒரு குவளை எடுத்துத் தனிச் சாடியில் வையுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டவை. அங்கிருந்து எதையும் எடுத்து வருவது சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

சுகாதார ஆய்வாளர்

நல்ல முயற்சிதான். எனினும் என் பணி கருதிச் சிலவற்றைச் சொல்ல வேண்டியுள்ளது. திறந்து வைத்த சாடியில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், நம் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளுக்குள் கொசு பறந்துவிடும். சாடியின் வாயைப் பழைய வேட்டித் துணியால் இறுகக் கட்டுங்கள். காற்று போகும், கொசு போகாது. நீரை மாற்றும்போது குழாயில் வாய் வைத்து உறிஞ்சும் பழக்கம் வேண்டாம். சாடியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

மேலே சைக்ளோப்ஸ் என்று படித்ததும் எனக்குப் பழைய நினைவு வந்தது. நரம்புச் சிலந்தி நோயின் புழு, குடிநீரில் இருந்த இந்த உயிருக்குள் ஒளிந்துதான் மனிதர் வயிற்றுக்குப் போனது. ஊரணி நீரைச் சேலை முந்தானையை மடித்து வடிகட்டிக் குடித்த பாட்டிமார்கள், பெயர் அறியாமலே சைக்ளோப்ஸைத் தடுத்தவர்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996ஆம் ஆண்டில் பதிவானார். 2000ஆம் ஆண்டில் நம் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆகவே உங்கள் சாடியில் உள்ள சைக்ளோப்ஸைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதன் உறவான மீசோசைக்ளோப்ஸ் கொசுவின் இளம்புழுவைப் பிடித்துத் தின்னும் என்பதால் வியட்நாமில் அதைத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டே டெங்குக் கொசுவைக் குறைத்தார்கள். அதை நம்பித் துணி கட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

ஆர்.எஸ்.மங்கலம் விவசாயி

ஊரணி வற்றிய பிறகு என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லையே என்பதால் இதைச் சொல்கிறேன். கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய் மண்ணை மேலாக ஒரு பிடி சுரண்டி எடுத்து, அகன்ற பாத்திரத்தில் போட்டு, மழை நீரை நான்கு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி வையுங்கள். முட்டைகள் அந்த மண்ணுக்குள் வெயிலைத் தாங்கிக் காத்துக் கிடக்கின்றன. என் பேரன் வைத்த பாத்திரத்தில் மூன்றாம் நாள் பொடிப்பொடியாக நீந்தத் தொடங்கியவை, இரண்டாம் வாரத்தில் மல்லாந்தபடி, கால்களை மேலே அசைத்து நீந்தும் இறால் போன்ற உயிர்களாக வளர்ந்து நின்றன. மீன் இல்லாத தண்ணீரில்தான் இவை பிழைக்கும். களைக்கொல்லி தெளித்த வயலுக்கு அருகில் மண் எடுக்காதீர்கள்.

ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்

மல்லாந்து நீந்துபவை தேவதை இறால்கள். ஸ்ட்ரெப்டோசெபாலஸ் என்னும் பேரினம் நம் மாநிலத்து மழைக்குட்டைகளில் உண்டு. உப்புக் கணக்கைப் பொறுத்தவரை, நண்பரின் வாதத்தை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆயினும் சோற்றை முழுவதுமாக விடுவிக்க மனம் வரவில்லை. ஆசிரியையே தனித்தனிச் சாடிகளில் இரண்டையும் சோதித்துப் பார்க்கலாமே.

உச்சிப்புளி ஆசிரியை

நாற்பது நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்தைப் பொறுத்தருளுங்கள். ஒரே ஊரணி நீரை இரண்டு லிட்டர் வீதம் நான்கு சாடிகளில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, வகுப்பறைச் சன்னலில் வைத்தோம். முதல் சாடிக்கு மழை நீர் மட்டும். இரண்டாவதில் ஒரு வாரம் கழித்துப் பாதி நீரை எடுத்துவிட்டு, ஒரே நாளில் கிணற்று நீரை ஊற்றினோம். மூன்றாவதில் மழை நீருடன் ஒரே ஒரு சோற்றுப் பருக்கை. நான்காவதில், கிணற்று நீரை நாளுக்கு ஒரு குவளை வீதம் பத்து நாளில் மாற்றினோம்.

இரண்டாம் சாடியில் மொய்னாக்கள் மறுநாளே அடியில் கிடந்தன, மூன்றாம் நாள் ஒன்றும் எஞ்சவில்லை. பாரமீசியத்தைப் பிறகு எந்தத் துளியிலும் நாங்கள் காணவில்லை. ஆஸ்ட்ரகோடுகளுக்கு எந்தக் குறையும் இல்லை. நான்காம் சாடியில் மொய்னாக்கள் குறைந்து மறைந்தாலும், சைக்ளோப்ஸ்கள் இன்றுவரை முட்டைப் பையுடன் திரிகின்றன. ஆகவே மண்டபத்து அண்ணனின் கூற்று சரி என்று பிள்ளைகள் தீர்ப்பெழுதினார்கள். மூன்றாம் சாடியோ இரண்டு நாள் இலேசாகக் கலங்கி, பிறகு தெளிந்து, பாரமீசியம் புகை போல மிதக்கும் அளவுக்குப் பெருகி, நான்காம் வாரத்தில் மொய்னாக்கள் நிறைந்ததாகிவிட்டது. சோறு போடாத முதல் சாடியில் அவற்றை விரல் விட்டு எண்ணலாம். ஒரு பருக்கை விருந்து, ஒரு பிடி நஞ்சு என்று ஐயா சொன்னதாகவே கொள்கிறோம். கைப்பிடிச் சோற்றை மறுபடி போட்டுச் சோதிக்கலாம் என்று ஒருவன் கேட்டான். அந்த நாற்றத்தை நினைத்து நான் இசையவில்லை.

பள்ளியின் 400 மடங்கு நுண்ணோக்கியில், பஞ்சிழையில் சிக்கிய பாரமீசியத்தின் சுருங்கும் குமிழியை மகள் நிறுத்தற்கடிகாரத்தில் எண்ணினாள். மழை நீரில் பத்து நொடிக்கு ஒரு முறை வந்தது. அதே துளியின் ஓரத்தில் சிறிது கிணற்று நீரைச் சேர்த்ததும் இடைவெளி இருபது நொடியைத் தாண்டியது. இறைப்பவர் கை ஓய்ந்துவிட்டது என்று அவள் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாள்.

ஒரே ஓர் ஐயம் எஞ்சியுள்ளது. நான்காம் சாடியின் சைக்ளோப்ஸ் ஒன்றின் முதுகில், காம்புடன் கூடிய மணிகள் கொத்தாக முளைத்திருக்கின்றன. அது நோயா?

ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்

நோயன்று, அம்மா. அவை வோர்ட்டிசெல்லாவின் உறவினர்கள். ஓட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, அது போகும் இடமெல்லாம் புது நீரையும் பாக்டீரியாவையும் பெறுகின்றன. அதன் உடலிலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. மிக அடர்ந்துவிட்டால் மட்டும் நீந்துவது சிரமமாகும். வளரும் பருவத்தில் இருந்தால் அடுத்த முறை தோலை உரிக்கும்போது பயணிகளோடு சேர்த்தே உதறிவிடும். முட்டைப் பை சுமக்கும் பெண் என்றால் அதற்குமேல் தோலுரிப்பு இல்லை, சுமந்துகொண்டேதான் திரியும். எது என்று முதலில் பாருங்கள். இளையதாக இருந்தால், சில மணிகள் ஒட்டிய வெறும் தோல் அடியில் கிடக்கிறதா என்று காலையில் மகளைத் தேடச் சொல்லுங்கள்.